நீர்க்கரை வீடு கொள்ளும் பருவம்

விழா மலருக்குக் கட்டுரை வரைய முற்படுவோர் தாம் பயின்ற காலத்தையும், தம்மைப் பயிற்றிய ஆசான்மாரையும், விளையாட்டிடத்தில் ஈட்டிய வெற்றிகளையும் நினைந்து எழுதுதல் மரபு. அம்மரபு நன்றே. அதனைச் செவ்வனே ஆற்ற வல்லார் இம்மலரிற் பலர் உளராதலின், யாம் அதனை அவர்க்கே விட்டு, பழைய மாணவர் பலர்க்கு இன்று பயன்படத்தக்க ஓர் உலகியற் பொருளை எடுத்துக்கொள்கின்றோம்.

பழைய மாணவர் எனப்படுவோர் இன்று யாவர்? கந்தோரிலும் வங்கியிலும் பள்ளியிலும் கடையிலும் இருபது முப்பது ஆண்டு உழைத்து, பிள்ளைகளை ஒருவாறு ஆளாக்கி, சேமலாப நிதியையோ ஓய்வுகாலப் பணிக்கொடையையோ எதிர்நோக்கி இருப்போர் ஒரு சாரார். கடல் கடந்து இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்ந்து, முதுமையில் ஆண்டுக்குச் சில திங்களாயினும் கொழும்பிற் கழிக்க விரும்புவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வாழ்நாளில் ஒருமுறை செய்யும் பெருஞ்செலவு வீடு கொள்ளுதலேயாம். அவ்வீடும் நீர் கண்ணிற்படும் வீடாக இருத்தல் வேண்டும் என்பது பலர் உள்ளக்கிடக்கை. வெள்ளவத்தையிற் கடல் தோன்றும் மாடி, தெகிவளைக் கால்வாயோர மனை, பேரை வாவியை நோக்கிய அடுக்குமாடி, தியவன்னாக் கரை, மொறட்டுவைக்கு அப்பாற் பொல்கொட வாவிக் கரை என இவ்வாசை அவரவர் கைப்பொருளுக்கேற்ப வேறு வேறு இடங்களிற் போய் நிற்கும்.

இத்தகைய வீட்டை எப்பருவத்திற் கொள்ளுதல் தகும்? எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுவாம். நீர்க்கரை வீட்டை மழைக்காலத்திற் பார்த்தே விலை பேச வேண்டும். குடிபுகும் நாளைப் பஞ்சாங்கம் குறித்துத் தரட்டும்; வீட்டின் குணத்தை மழை கூறட்டும். இவ்விரண்டு வேலைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே நம்மவர் பலர் இடர்ப்படுகின்றனர்.

நம்மவர் வழக்கத்தைச் சிறிது நோக்குவாம். மார்கழி கழிந்து தை பிறந்தவுடன் தரகர் வருகின்றார். வானம் தெளிந்திருக்கின்றது. கொழும்பிலே மழை மிகக் குறைந்த திங்கள்கள் சனவரியும் பெப்ரவரியுமேயாம். வாவி கண்ணாடிபோற் கிடக்கின்றது. கால்வாய் தன் கரைக்குள் அடங்கி, ஒரு நாரையையும் நிறுத்திவைத்து அழகு காட்டுகின்றது. கடலும் அமைதியாக இருக்கின்றது. வீட்டுக்காரர் சுவருக்குப் புதுச் சுண்ணம் தீட்டியிருக்கின்றார். மனைவி மக்களுடன் மாலைவேளையிற் சென்று பார்ப்பவருக்கு நெஞ்சு குளிர்கின்றது. முற்பணம் கைமாறுகின்றது. மாசியில் உறுதி எழுதப்பெற்று, பங்குனிக்கு முன்னரே பால் காய்ச்சியும் ஆகின்றது. வைகாசி வருகின்றபோதுதான் தாம் எதனை வாங்கினோம் என்பது அவர்க்குத் தெரிய வருகின்றது.

ஈண்டு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தோர்க்கு ஒன்று சிறப்பாகக் கூற வேண்டும். யாழ்ப்பாணத்திற்கு மழைக்காலம் ஒன்றே. ஐப்பசி கார்த்திகையில் வாடையோடு வரும் மழையே குளத்தையும் கிணற்றையும் நிரப்பும். வைகாசி ஆனியில் வீசும் சோழகம் புழுதியைக் கிளப்புமேயன்றி மழை தராது. ஆகவே ஐப்பசிக்கு அஞ்சவும் வைகாசியை நம்பவும் இளமையிலேயே கற்றுக்கொண்டோம். கொழும்பின் நிலை வேறு. இங்கே மே திங்களில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு மழையையும், ஒக்ரோபர் நவம்பரில் வரும் இடைப்பருவம் மற்றொரு மழையையும் தருகின்றன. ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை இந்நகரில் வீழ்கின்றது; யாழ்ப்பாணத்தில் வீழ்வது அதில் ஏறத்தாழப் பாதியே.

தமிழாசிரியர் என்ற முறையில் மற்றொன்றும் கூறத் தோன்றுகின்றது. ஆண்டை ஆறு பருவமாக வகுத்த நம் முன்னோர் ஆவணி புரட்டாதியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், சித்திரை வைகாசியை இளவேனில் என்றும், ஆனி ஆடியை முதுவேனில் என்றும் பெயரிட்டனர். அவர் வாழ்ந்த நிலத்திற்கு அப்பகுப்பு மிகப் பொருந்தியது. அதனைக் கொழும்பிற்கு அவ்வாறே கொண்டுவந்தால், இளவேனில் என்று நாம் நம்பியிருக்கும் வைகாசியில் முழங்கால் நீரில் நிற்க நேரும். இலக்கணம் நிலத்தை நோக்கி எழுந்தது. ஆதலின் நிலம் மாறியபோது கணக்கையும் மாற்றிக்கொள்ளுதல் முறை.

இனி, மழை யாது செய்யவல்லது என்பதற்கு நகரத்தின் வரலாறே சான்று. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாய் கிராண்பாஸ் பகுதியில் நாகலகம் வீதி என்றொரு வீதி உண்டு. அங்கேயுள்ள அளவுகோலிலேயே களனி கங்கையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கிற் குறித்து வருகின்றனர். 1947 ஆம் ஆண்டு ஓகத்துத் திங்களில் வந்த பெருவெள்ளத்தில் அந்நீர்மட்டம் 12 அடியைக் கடந்தது. 1989 யூனில் 9 அடியைக் கடந்தது. 2016 மே திங்களில் 7 அடியைக் கடந்தபோதே கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் கடுவலையும் நீருள் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா என்னும் புயல் நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது, களனியின் கீழ்க்கரை மீண்டும் மூழ்கியது.

கங்கை பெருகாதிருந்தும் நகரம் மூழ்குதல் உண்டு. 1992 ஆம் ஆண்டு யூன் மாதம் 4 ஆம் திகதி முடிந்த ஒரு நாட்பொழுதிற் கொழும்பிலே 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை வீழ்ந்தது. ஓராண்டு மழையில் ஐந்திலொரு பங்கு ஒரு நாளிற் கொட்டியது என்று கொள்க. 2010 நவம்பரில் ஓரிரவு பெய்த மழையில், தியவன்னா நீரின் நடுவே 1982 இல் திறக்கப்பெற்ற பாராளுமன்றத்தின் வளவே வெள்ளக்காடாயிற்று. சட்டம் இயற்றும் மன்றத்தின் வாயிலுக்கே வந்த நீர், எம்போல்வார் வீட்டு வாயிலில் அனுமதி கேட்டு நிற்குமோ?

மேற்கூறிய ஆண்டுகளோடு திங்களையும் சேர்த்து நோக்குக. மே, யூன், ஓகத்து, நவம்பர். இவற்றுள் ஒன்றேனும் நாம் வீடு பார்க்கும் தை மாசியில் வரவில்லை.

கடல் கடந்து வாழும் நம் அன்பர்க்கு இவ்விடர் இருமடங்காகின்றது. அவர் வருவது விடுமுறையில். ஒன்று, யூலை ஓகத்தில் ஆடிவேலையும் நல்லூர்த் திருவிழாவையும் எண்ணி வருவர். அன்றேல், நத்தார் விடுமுறையையொட்டி வருவர். முன்னையது தென்மேற்கு மழையின் முதல் வேகம் பெரும்பாலும் தணிந்த காலம். பின்னையது நவம்பர் மழை ஓய்ந்த காலம். மூன்று கிழமைக்குள் உறவினரைக் கண்டு, கோயிலுக்குச் சென்று, வீட்டையும் பார்த்து, உறுதியிற் கையொப்பமும் இட்டு விமானம் ஏறுகின்றனர். பத்து முறை வந்தவரும் கொழும்பின் மழையை ஒருமுறையேனும் முழுமையாகக் கண்டிலர். அவர் கண்ட கொழும்பு என்றும் உலர்ந்த கொழும்பே. இத்தகையோர் தாம் வர இயலாத திங்களில் தம் சார்பாகப் பார்க்கத்தக்க ஒருவரை, அதுவும் தரகுப் பணம் பெறாத ஒருவரை, அனுப்புதல் வேண்டும். மைத்துனரோ பழைய வகுப்புத் தோழரோ மழை பெய்த மறுநாட் காலையில் ஒரு மணிநேரம் அங்கே நின்று பார்த்துச் சொல்வது, அயல்நாட்டிலிருந்து பத்து மாதம் படம் பார்ப்பதிலும் மேலானது.

நிற்க. உறுதியைப் பார்ப்பதில் நம்மவர் காட்டும் கவனம் போற்றத்தக்கது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பெறல் வேண்டும் என்று விதித்தது. வழக்கறிஞரும் காணிப் பதிவகத்தின் ஏடுகளை முப்பது ஆண்டு பின்னோக்கிப் புரட்டிய பின்னரே நல்லுறுதி என்பர். அளவைப்படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், மாநகர சபையின் வரிப் பற்றுச்சீட்டு யாவும் பார்க்கின்றோம். ஆயின் அக்காணியின்மீது நீருக்கு உள்ள உரித்தை எந்த ஏட்டிற் பார்த்தோம்? அதே முப்பது ஆண்டுக்குள் 2010, 2016, 2025 ஆகிய மூன்று வெள்ளங்களும் அடங்கும். அவ்வாண்டுகளில் அவ்வீட்டின் எந்தப் படிவரை நீர் வந்தது என்பதை எந்த உறுதியும் கூறாது. சுவர் கூறும், அயலார் கூறுவர், மழை கூறும்.

ஆதலின் பார்க்கும் முறையையும் சிறிது விரிப்பாம். இரவெல்லாம் மழை பெய்த நாளின் மறுகாலை செல்லுக. வீட்டுள் நுழையுமுன் வீதி வடிகாலில் நீர் எத்திசை ஓடுகின்றது என்று நோக்குக. கால்வாயை நோக்கி ஓடினால் நன்று. கால்வாயிலிருந்து வீதியை நோக்கி வந்தால் அதுவே போதிய விடை. வெள்ளவத்தைக்கு மேற்கே கடல். வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய். தெற்கே தெகிவளைக் கால்வாய். இக்கால்வாய்கள் கடலிற் சேரும் வாயில், அலை மணலைக் குவித்துத் தடுப்பதுண்டு. அம்மணல் அகற்றப்பெறாதிருந்தால் மழைநீர் போக வழியின்றிப் பின்னோக்கி எழும். எனவே கால்வாயோர வீடு கொள்வார் வீட்டை மட்டுமன்றி அக்கால்வாயின் வாயையும் ஒருமுறை நடந்து சென்று பார்த்தல் நன்று.

பின் உள்ளே செல்லுக. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதிய வண்ணம் தீட்டியிருந்தால் ஏன் என்று கேட்க. மின்செருகிகள் வழக்கத்திலும் உயரத்தில் இருந்தால், வைத்தவர் அறிவாளி என்றும், அவ்வறிவை அவர்க்கு ஊட்டியது வெள்ளம் என்றும் கொள்க. அயல் வீடுகளின் வாசற்படிகளை எண்ணுக. எல்லோரும் ஐந்து படி கட்டியிருக்கும் ஒழுங்கையில் இரண்டு படியோடு ஒரு வீடு மலிவாகக் கிடைத்தால் அம்மலிவுக்குக் காரணம் உண்டு.

ஐந்தாம் மாடியில் இருப்பவர்க்கு வெள்ளம் யாது செய்யும் என்று கேட்பார் உளர். நீர்ப்பம்பியும் மின்பிறப்பாக்கியும் மின்தூக்கியின் குழியும் வாகனத் தரிப்பிடமும் நிலத்திலோ நிலத்தின் கீழோ அன்றோ இருக்கின்றன? அவை மூழ்கினால் ஐந்தாம் மாடியிலுள்ள முதியவர், குடிநீரின்றி, இறங்கவும் இயலாது சிறையிருப்பர். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி பொதுப் பகுதிகள் எல்லார்க்கும் உரியன. எனவே அவற்றைத் திருத்தும் செலவும் மேல்மாடி கீழ்மாடி என்று பாராது எல்லாரையும் சாரும். கடல் நோக்கிய மாடியாயின் தென்மேற்குக் காற்றில் உப்புத்துளி சாளரக் கம்பியை என்ன செய்திருக்கின்றது என்பதையும் தொட்டுப் பார்க்க. கடலோரம் 300 மீற்றர் வரையுள்ள நிலம் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அங்கே கட்டவும் கூட்டவும் தனி அனுமதி வேண்டும்.

யாவற்றினும் மேலான சான்று மனிதர் வாய்மொழி. சென் செபஸ்தியான் கால்வாயோரத் தோட்டங்களிலே பலகை வீடுகளில் வாழ்வோர் நீரின் நடையை நன்கறிவர். பருவம் பார்த்து வீடு கொள்ளும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. வந்த இடத்திலே வந்த நீரோடு வாழ்கின்றனர். முச்சக்கர வண்டிக்காரர், மூலைக்கடை முதலாளி, வாயிலில் வெற்றிலை இடிக்கும் மூதாட்டி ஆகிய மூவரையும் தனித்தனியே வினவுக. மூவரும் ஒரே படியைச் சுட்டிக் காட்டினால் அதுவே வெள்ள வரம்பு.

எமது கூற்றுக்கு மாறாகச் சொல்லத்தக்கவை இல்லாமல் இல்லை. நல்ல வீடு நமக்காக ஐப்பசி வரை காத்திராது, பிறர் கொண்டுவிடுவர் என்பர். உண்மை, சில வீடுகள் போய்விடும். ஆயினும் தை மாசியிலே வாங்குவோர் கூட்டம் பெரிது, விற்பவர் முகம் இறுகியிருக்கும். அடைமழையில் வருபவர் ஒருவரே, அவரிடம் விற்பவர் நயந்து பேசுவர். மழைநாளில் வீட்டைக் காட்ட மறுப்பவரோ விலை பேசாமலே நமக்கு உதவி செய்தவராகின்றார்.

இப்பொழுது கால்வாய்கள் திருத்தப்பெற்றுவிட்டன, அச்சம் எதற்கு என்பர் வேறு சிலர். 2012 ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய பெருநகர அபிவிருத்தித் திட்டத்திற் கால்வாய்கள் அகழப்பெற்றன, கரைகள் கட்டப்பெற்றன. அப்பணியாற் பயன் உண்டென்பதை யாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் மதகும் கால்வாயும் பராமரிப்பவர் கையில் உள்ளன. மேலும், மழைநீரை முதலில் ஏந்திக்கொள்வன நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களே. அவற்றின் பொருட்டே 2018 இல் கொழும்பு உலகின் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஏற்கப்பெற்றது. அச்சதுப்பை மண்ணிட்டு நிரப்பி எழுந்த மனைக்கு நாம் விலை கொடுத்தால், நம் படிக்கு வராத நீர் கால்வாயோர ஏழையின் அடுப்புக்குச் செல்லும். வேனிலிற் பார்த்தால் நிரப்பிய நிலமும் மேட்டு நிலமும் ஒன்றுபோலத் தோன்றும். மழையே அவற்றை வேறு பிரித்துக் காட்டும்.

சென்னை மாநகர் இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மூழ்கிய மனைகளிற் பல, ஏரியும் சதுப்பும் கிடந்த தாழ்நிலத்தில் எழுந்தவை. சேரி, ஏரி, பாக்கம் என்று ஊர்ப்பெயரே நிலத்தின் இயல்பை ஓரளவு சொல்லிக்கொண்டிருந்தும், வாங்கியவர் கோடையிற் பார்த்து வாங்கினர். நம் வெள்ளவத்தையின் பெயரோ சிங்களத்தில் மணற்கரைத் தோட்டம் என்று பொருள்படும். தமிழ்ச் செவிக்கு அதில் வெள்ளம் என்ற சொல்லும் கேட்கின்றது. சொல்லாராய்ச்சி அதனை ஏற்காது. எனினும் வீடு கொள்வார் அதனை மறவாதிருத்தல் தீங்கன்று.

நன்னாள் பார்த்தலை யாம் இகழ்கின்றோம் என எவரும் கொள்ளற்க. மனைகோலுதற்குரிய வாஸ்து நாள் தையிலும் மாசியிலும் மட்டுமன்றி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் உண்டு என்பதைப் பஞ்சாங்கம் பார்ப்போர் அறிவர். மழைத்திங்களை நம் பெரியோர் ஒதுக்கவில்லை. ஒதுக்கியவர் நாமே, அதுவும் நனைய மனமில்லாமை காரணமாக. நீர் வற்றிய மாசியிலும் ஒருமுறை செல்லுதல் கூடாதென்பதன்று. வாவியின் நாற்றமும் கால்வாயின் பாசியும் அப்பொழுது நன்கு புலப்படும். ஆனால் முற்பணம் கொடுப்பது மழை பார்த்த பின்னராக இருக்கட்டும்.

போகும்போது இல்லத்தரசியையும் உடன் அழைத்துச் செல்லுக. கணவர் சாளரத்தினூடே வாவியை நோக்கி நிற்க, அவர் அடுக்களையின் நீர்ப்போக்கியைக் குனிந்து பார்ப்பார். வெள்ளம் வந்தால் அரிசிப் பானையை மேலே தூக்குபவர் அவரேயாதலின், அவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது.

முப்பது ஆண்டு உழைப்பின் பயனை ஒரு மாலைநேர அழகுக்குக் கொடுத்துவிடாதிருக்க இவ்வளவு பொறுமை மிகையன்று. நீர்க்கரையில் வாழ விரும்பும் அன்பர் வருகின்ற வைகாசியிலேனும் ஐப்பசியிலேனும் குடையொன்றை எடுத்துக்கொண்டு புறப்படுக. நனைந்து பார்த்தும் மனம் மாறாதாயின் அவ்வீடு நல்ல வீடு. தை பிறந்ததும் அங்கே பால் காய்ச்சுக.